விறகுக் கட்டையில் ஒரு கல்யாணப் பெட்டி

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ஒரு மரப்பெட்டி செய்தேன். கடையில் வாங்கவில்லை, என் கையால் செய்தேன். பொம்பளை பெட்டி செய்வாளா என்று கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத முடியாது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஈப்போவுக்கு வெளியே இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு முன்பே நான் ரப்பர் பால் வெட்டுவதை விட்டுவிட்டு நாற்காலி பேக்டரிக்குப் போய்விட்டேன். காலையில் பேக்டரி பஸ் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், அந்த லயத்தின், முனையில் வந்து நிற்கும். அங்கே நாற்காலியும் மேசையும் செய்தது ரப்பர் மரத்தில்தான். எனக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. வயசான ரப்பர் மரம் அடுப்புக்குத்தான் ஆகும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அறுத்த பலகையை மருந்துத் தொட்டியில் போட்டு, சூளையில் காயவைத்து, இழைத்துக் கறுப்பாகச் சாயம் பூசினால் எந்த மரம் என்று யாருக்கும் தெரியாது. பாலை எடுத்தார்கள், கடைசியில் கட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். அதை வெட்டின ஜனங்களை மட்டும் வேண்டாம் என்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டாள். அவள் விட்டுப் போனது ஒரு ஜோடிக் கல்தோடு, ஒரு கண்டாங்கிப் புடவை, கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படம். எல்லாவற்றையும் தங்கச்சி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். புடவையை அதில் எப்படித்தான் திணித்தாளோ.

கல்யாணம் முடிவானதும் என்னிடம் வந்து, "அக்கா, புருஷன் வீட்டுக்கு பிஸ்கட் டின்னத் தூக்கிட்டுப் போவ எனக்கு வெக்கமா இருக்கு லா. அம்மா சாமான அங்க எங்க வைப்பேன்?" என்றாள்.

"பொட்டி செஞ்சி தாரேன், போ," என்றேன்.

எந்த மரத்தில் செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மா பால் வெட்டிய நிரை, அதாவது அவளுக்கென்று ஒதுக்கியிருந்த மர வரிசை, அப்போது இன்னும் நின்றது. கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. கத்தி பட்டையோடு நிற்காமல் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். கங்காணி ஒருநாள் எல்லார் முன்னாலும், "பால் வெட்டச் சொன்னா கொலை பண்றியா?" என்று கத்தினான். அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மரத்துக்கு வலிச்சா மரம் சொல்லட்டும். ஒனக்கு எங்க வலிக்குது?" என்றாள். காடே சிரித்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். நான் அப்போது பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்று அம்மாவின் கத்தி இறங்கியது கால்வாய் ஓரத்து மரத்தில், எனக்கு நன்றாகத் தெரியும்.

மரம் சாய்க்க வந்த ஆட்கள் அந்த மரத்துக்கு வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அதன் முன்னால் போய் நின்றேன்.

"இந்த மரத்து அடிக்கட்டை எனக்கு வேணும்."

"எதுக்குக்கா, வெறகுக்கா?"

"ஒன் தலையில போட. அறு."

அறுத்துக் கொடுத்தார்கள். ரப்பர் மரத்தை வெட்டிப் போட்டு வைக்கக் கூடாது. நாலு நாள் கிடந்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அதே லாரிதான் எங்கள் பேக்டரிக்கும் கட்டை ஏற்றிப் போகும். நானும் கூடவே ஏறிப் போனேன். சூப்பர்வைசர் ஒரு சீனர். தங்கச்சி கல்யாணத்துக்குப் பெட்டி என்று சொன்னதும், "காயு அப்பி லா! காயு அப்பி!" என்று மலாயில் விழுந்து விழுந்து சிரித்தார். விறகுக் கட்டையைக் கொண்டுபோய்க் கல்யாணத்துக்குக் கொடுப்பாயா என்று அவருக்குச் சிரிப்பு. சிரித்தாலும் பலகையாக அறுத்துத் தொட்டியில் போட விட்டார். அந்த மட்டும் நல்ல மனுஷன்.

சூளையிலிருந்து வந்த பலகைகளில் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பட்டைக்கு அடியிலிருந்து அறுத்த பலகை. வெளுத்த மரத்தின் குறுக்கே சாய்வாகக் கறுப்புக் கோடுகள். அம்மாவின் கத்தி இறங்கிய இடங்கள். மரம் அதன் மேலேயே வளர்ந்து மூடி வைத்திருந்தது. அதை மூடிக்கு ஒதுக்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். மூலைகளில் பல் வெட்டி, விரலோடு விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சொருகிப் பசை போட்டேன். குட்டைப் பலகைகளை நீளமாக்க பேக்டரியில் அப்படித்தான் ஒட்டுவோம். முதலில் வெட்டின பல் தளர்ந்து ஆடியது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு பலகை எடுத்தேன். கூட வேலை செய்தவள் ஒருத்தி, "என்ன லா, தங்கச்சிய முன்னால அனுப்பிட்டு ஒனக்குச் சவப்பொட்டி செய்றியா?" என்று கேட்டாள். "ஒன் வாய்க்கு மூடி செய்றேன், அளவு குடு," என்றேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஈப்போவில் இரும்புக் கடைக்குப் போய்ப் பித்தளைக் கீல் வாங்கினேன். சாயம் பூசவில்லை. கோடு தெரியட்டும் என்று வெறும் வார்னிஷ் மட்டும் அடித்தேன்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சித்தியவானிலிருந்து வந்தார்கள். அவர்களும் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள்தான். டவுனில் கல்வீடு வந்ததும் அது மறந்துவிட்டது. சீர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்த மாப்பிள்ளையின் அம்மா பெட்டியைத் தூக்கினாள்.

"என்ன மரம் இது, வெளுத்துக் கெடக்கு?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணிலேயே கெஞ்சினாள். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

"ரப்பர் மரம்."

அந்த அம்மா பெட்டியைப் படக்கென்று கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். "பொணம் எரிக்கிற கட்டையா? அதுல பொட்டி செஞ்சி, தாலி கட்டின பொண்ணு கையில குடுக்கறியா? என் வீட்டு வாசப்படி ஏறாது இது!"

அவள் சொன்னது பொய் இல்லை. தோட்டத்தில் யார் செத்தாலும் ரப்பர் கட்டை அடுக்கித்தான் எரிப்போம். எங்கள் அம்மாவும் அதில்தான் எரிந்தாள். அடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியாதா?

"இன்னிக்கி நீங்க தின்ன சோறும் அந்தக் கட்டையிலதான் வெந்திச்சி. துப்பிட்டுப் போங்க," என்றேன்.

அப்புறம் பெரிய சத்தம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் தங்கச்சி மாலையும் கழுத்துமாக என் பக்கத்தில் வந்து, "அக்கா, நீயே எடுத்துட்டுப் போயிரு," என்று மெல்லச் சொன்னாள். பிஸ்கட் டின்னை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாசம் மாப்பிள்ளை வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தங்கச்சியைப் பார்க்க பஸ் ஏறினேன். வீட்டு நடுவில் புது மேசை, நாற்காலி. நாற்காலியில் சுற்றின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"தேக்கு," என்றாள் மாமியார். "ஈப்போ முழுக்க அலைஞ்சி வாங்கினோம். உக்காரு, உக்காரு."

உட்கார்ந்தேன். பழக்க தோஷம், கை தானாக மேசைக்கு அடியில் போனது. சாயம் சரியாகப் படாத இடத்தில் விரல் கோத்த ஒட்டு தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். வெளுத்த மரம். எங்கள் பேக்டரி மேசை. அதன் கால்களை நானேகூடத் தேய்த்திருப்பேன்.

நிமிர்ந்தபோது சமையல்கட்டு தெரிந்தது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் அம்மாவின் டின். அதன் மேல் எறும்பு ஊர்ந்தது. தங்கச்சி கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என் முகம் தெரியும்.

 நீங்கள் சாப்பிடும் மேசையே பொணம் எரிக்கிற கட்டைதான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். அவள்தான் அங்கே இருக்க வேண்டும்.

"அக்கா, கொழம்பு ஊத்தவா?" அவள் குரல் சரியாக இல்லை.

"ஊத்து," என்றேன்.

பின்பக்கம் கை கழுவும்போது கேட்டாள்: "ஒங்க பேக்டரி மேசையா?"

"ஆமா."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "அப்ப என் பொட்டியையும் அதே மாதிரி பண்ணிக் குடேன். கறுப்பாப் பூசிரு. நானும் தேக்குன்னு சொல்லிக்கிறேன்."

"அம்மா கோடு மறஞ்சி போவும்."

"அந்த டின்னு எங்க கெடக்குன்னு பாத்தியா? அம்மா தோடு இருக்குக்கா அதுல."

"பொய்யப் பூசிக் குடுக்க என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவள்மேல்தான் கோபம் வந்தது. மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வக்கில்லை என்று திட்டினேன். ஈப்போ வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் அடங்கிவிட்டது. அவள் பேசியிருந்தால் அந்த டின்னும் தெருவுக்கு வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் கீலைக் கழற்றி மூடியைத் திருப்பிப் போட்டேன். கோடு இருந்த பக்கம் உள்ளே போனது. வெளியே முழுக்க வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பேக்டரிச் சாயத்தை நன்றாகக் கறுக்கப் பூசினேன். உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை. கீலையும் வேறு மாதிரிக் கீலாக மாற்றினேன்.

தங்கச்சி அதைக் கொண்டுபோனதும் மாமியார் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தாளாம். "இதான் மரம்! அன்னிக்கிக் கொண்டாந்தாளே ஒரு கட்டை, அது என்னாச்சி?"

"அத அக்கா அடுப்புல வச்சி எரிச்சிட்டா, அத்தை," என்றாளாம் தங்கச்சி. அவளுக்கும் பொய் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெட்டி சாமி படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அந்த அம்மா அதைக் காட்டினாள். ஒரு தீபாவளிக்கு என்னிடமே, "தேக்குன்னா தேக்குதான், பாரு," என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கு வாய் இல்லாமல் இல்லை.

அன்று தங்கச்சி தோடு எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்ளே அம்மாவின் கத்தி இறங்கிய கோடுகள் அப்படியே இருந்தன. விரலால் ஒருமுறை தடவிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மூடினாள். அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்.