மேல் ச

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஸ்ரீரங்கத்தில் எட்டாவது படித்தபோது பள்ளிப் பாட்டுக் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். கற்றதையெல்லாம் வீட்டில் சொல்லுவாள். ச-வும் ப-வும் எந்தப் பாட்டிலும் அசையாதாம். மூச்சை நெஞ்சில் பிடிக்காமல் வயிற்றில் பிடிக்க வேண்டுமாம். தோளைத் தூக்கினால் டீச்சர் ஸ்கேலால் தட்டுவாராம். நான் மலைக்கோட்டைப் பக்கம் மண்டியில் தொட்டியத்து வாழைத்தார் இறக்குகிறவன். தார் தூக்கும்போது கவனித்தேன்; எனக்கும் மூச்சு வயிற்றில்தான் நின்றது.

ஒரு நாள் கண்ணாடி முன் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். தொண்டை சரியில்லையா என்று கேட்டேன்.

"மேல் ச எட்டலைப்பா. போட்டிக்கு ஆள் குறையக் கூடாதாம். வாயை மட்டும் அசைன்னு மிஸ் சொல்லிட்டாங்க."

டீச்சர் தன் குரலுக்குத் தோதாகச் சுருதியை ஐந்தரைக் கட்டையில் வைத்திருந்தார். அரைக்கட்டை இறக்கினால் அவளுக்கும் எட்டும். "நீங்க வந்து கேளுங்கப்பா" என்றாள்.

எனக்கு யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. ஆனாலும் போனேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

"சுருதியைக் கொஞ்சம் இறக்கலாமாங்க, டீச்சர்?"

அவர் கோபப்படவில்லை. "உள்ளே வாங்க சார். சங்கீதம் தெரிஞ்சவர் போலிருக்கு. எங்கே, ஒரு ச பிடிங்க."

"வராதுங்க."

"மண்டியில லாரி பின்னாடி வர்றப்ப கத்துவீங்களே, அந்தக் குரல் போதும். பிடிங்க."

பிடித்தேன். முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. என் மகள்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா, குறை சுருதியில இல்ல. பரம்பரையில இருக்கு" என்றார் டீச்சர்.

வீட்டில் அவள் சொன்னாள்: "நான் சிரிக்கலைன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கப்பா."

போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. நடுவர் மைக்கில், "முன்வரிசையில அந்த உயரமான பொண்ணு வாயைத் திறந்த அழகு இருக்கே, மத்தவங்களும் அப்படித்தான் பாடணும்" என்று என் மகளைக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

இந்த வருடம் அவர் மாற்றலாகிப் போய், புது டீச்சர் வந்தார். நல்ல மனுஷி. பரிசு வாங்கிய பெண் என்று கேள்விப்பட்டு, "உனக்கு எந்தக் கட்டை சௌகரியமோ அதுல பாடும்மா" என்றாராம். இவளே நாலரைக்கு இறக்கி வைத்தாள். வயிற்றில் மூச்சை நிரப்பினாள். தோள் தூக்கவில்லை. வாய் அழகாகத் திறந்தது. சத்தம் வரவில்லை. கீழ் ச-வும் வரவில்லை.

"பயப்படாதே, இன்னொரு தடவை" என்றிருக்கிறார். அப்போதும் காற்றுதான் வந்ததாம். பின்வரிசையில் ஒருத்தி, "அவ எப்பவும் அப்படித்தான் மிஸ், சும்மா நிப்பா" என்றாளாம். என் மகளின் இடத்தைப் புது டீச்சர் அப்படிச் சொன்னவளுக்கே கொடுத்துவிட்டார்.

"பேரை எடுத்துட்டாங்கப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.