பாடக்குறிப்பில் மீதியிருந்த மூன்று கேள்விகள்

அறுபதுகளில், ஓர் ஐப்பசி மாதம். சிதம்பரத்தில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த நான், பயிற்சிக்காகக் கடலூர் மீனவர் குப்பத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வந்த விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார்.

பாதிப் பாடத்தில் அஞ்சலை என்ற சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், காத்து ஜாஸ்தியாயிடுச்சி. எங்க குடிசை தாங்காது. தம்பி தனியா தூங்குறான், நான் போறேன் டீச்சர்."

பாடக்குறிப்பில் இன்னும் மூன்று கேள்விகள் மீதியிருந்தன. குறிப்பை விட்டு விலக எனக்குப் பயம்.

"உக்காரு. மணி அடிச்சதும் போவலாம்" என்றேன்.

மணி அடித்ததும் அவள் ஓடினாள். மனசு கேட்காமல் நானும் பின்னால் ஓடினேன். குடிசை சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை வெளியே தூக்கி வந்திருந்தாள். அதன் நெற்றியில் ரத்தம்.

எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அஞ்சலை அதன்பிறகு என்னிடம் பேசவேயில்லை.

அதன்பிறகு ஓய்வுபெறும்வரை, ஒரு பிள்ளை எழுந்தால், சாக்பீஸை வைத்துவிட்டு என்னவென்று கேட்டேன். சில நாள் பாடம் முடியவில்லை. போகட்டும்.