கேட் ஜெயராஜ்

மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் உட்கார இடம் கிடைத்ததும் ஜெயராஜ் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துவிடுகிறார். பேத்தி தாமரையின் கால் எக்ஸ்ரேயை இரண்டு விரலால் அகட்டிப் பெரிதாக்கி, பக்கத்து நாற்காலிக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். இந்தப் புதன்கிழமை அந்த நாற்காலியில், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நான்.

"பாருங்க போஸ். எத்தன கம்பி, எத்தன நட்டு! ஒரு எடத்துலயாச்சும் வெல்டிங் இருக்கா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். முன்பெல்லாம் எக்ஸ்ரே படத்தைப் பெரிய உறையில் போட்டுக் கையிலேயே கொடுப்பார்களாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலு பேரிடம் கருத்துக் கேட்கலாமாம். இப்போது எல்லாம் டாக்டரின் கணினியோடு சரி. டாக்டர் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து இவர் திரையைப் படம் பிடித்துக்கொள்கிறார்.

தெலுக் பங்லிமா காராங்கில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அறுபத்து மூன்று வயது. முழங்கை வரை வெல்டிங் பொறி தெறித்த கரும்புள்ளிகள். இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. கட்டில் கம்பியை ஆட்டிப் பார்ப்பார், மருந்துத் தள்ளுவண்டியின் சக்கரத்துக்குக் குறை சொல்வார். "அங்கிள், ஹோஸ்பிட்டல் சாமான்லா, தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தாதி உஷாராணிக்கு அலுத்துவிட்டது.

தீராத புகாரெல்லாம் டாக்டர் பரமேஸ்வரன் மீதுதான். நேரில் 'டாக்டர்', முதுகுக்குப் பின்னால் 'அந்தப் பையன்'. நசுங்கிய இரத்தக் குழாய்க்குப் பதிலாக அந்தப் பையன் நல்ல காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து ஒட்டுப்போட்டார். தோல் போன இடத்தைத் தொடைத் தோலால் மூடினார். முறிந்த எலும்பு அசையாமல் இருக்க, காலுக்கு வெளியே கம்பி வைத்து முடுக்கினார். ஏழு மணி நேர வேலை.

"ஒரு காலுக்கு இன்னொரு காலுலேருந்து ஸ்பேர் பார்ட்ஸ் கழட்டறான். எங்க பட்டறையில இப்படி செஞ்சா கஸ்டமர் அடிக்க வந்துருவான்லா."

"பிள்ளைக்கு எப்படி அடிபட்டது?" என்று கேட்டேன்.

"ஆக்சிடென்ட்" என்றவர், உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மீதியைச் சொன்னது அவர் மகள், தாமரையின் அம்மா விஷ்ணுப்ரியா. ஐந்து மாதத்துக்கு முன்பு, பாதத்துக்கு இரத்தமே போகவில்லை, இன்னும் தாமதித்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் அறுவைச் சிகிச்சைப் படிவத்தை நீட்டியிருக்கிறார். ஜெயராஜ் குறுக்கே நின்றாராம். சாலாக் செலாத்தானில் எண்ணெய்க்கட்டு போடுகிற ஒருவர் இருக்கிறார், கத்தி படாமல் சேர்த்துவிடுவார், என் தோள்பட்டையைச் சேர்த்ததே அவர்தான் என்று போனைப் போட்டாராம். அந்தக் கை இன்றுவரை காதுக்கு மேலே தூக்க வருவதில்லை. அந்தப் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தபோது விஷ்ணுப்ரியா சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அப்பாவ எதுத்து நான் செஞ்ச மொத காரியம்ணே, அதான்" என்றாள்.

அடிபட்ட கதையையும் அவளே சொன்னாள். தண்டவாளத்தில் ஓடுகிற கேட், தடம் தாண்டி விழாமல் தடுக்க முனையில் ஓர் இரும்புத் துண்டைப் பற்ற வைப்பார்கள். ஸ்டொப்பர் என்று பெயர். பந்திங் வரை ஜெயராஜ் போட்ட கேட் ஒன்றுகூட அது இல்லாமல் இருக்காது. சொந்த வீட்டுக் கேட்டுக்கு மட்டும் இரண்டு வருடமாக "நாளைக்கு வச்சிக்கலாம்". பள்ளி வேன் வந்த அவசரத்தில் ஒன்பது வயதுத் தாமரை அதை ஒரே தள்ளாகத் தள்ளினாள். கேட் தடத்தை விட்டு வெளியே போய், அவள் கால் மேலேயே சாய்ந்தது.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் பொங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர், குழாய் சரியாக மூடவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

தாமரையை உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்து என்னைப் பக்கத்து மேசைக்கு. நடுவில் பாதி விலகிய திரைச்சீலைதான்.

"எலும்பு நல்லா கூடிருச்சு. அடுத்த மாசம் கம்பிய எடுத்துட்டு, மெதுவா நடக்க விடலாம்" என்றார் டாக்டர்.

விஷ்ணுப்ரியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயராஜ் செருமினார். "நட்டு ஒன்னுகூட லூஸாவல, டாக்டர்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

சக்கர நாற்காலியில் இருந்த தாமரை காலிலிருந்த கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, நம்ம கேட்டையும் இந்த மாரி டைட்டா வச்சிருந்தா விழுந்திருக்காதுல்ல?"

ஜெயராஜ் குந்தி உட்கார்ந்து நாற்காலியின் இடப்பக்க பிரேக்கை அழுத்தினார். அது ஏற்கெனவே போட்டிருந்தது. சுற்றி வந்து வலப்பக்கத்தையும் அழுத்தினார். பிறகு மறுபடியும் இடப்பக்கம் வந்து, அந்த பிரேக்கின் மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.