மேற்கிலிருந்து வந்த கடல்

தொண்ணூறுகளின் தொடக்கம். திருமணமாகி ராஜபாளையம் வந்தபிறகு எனக்கு அது இரண்டாவது மழைக்காலம். ஊரின் மேற்கு ஓரத்தில், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நான் பிறந்து வளர்ந்ததோ திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அதனால் வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்ன அன்று, தெருவிலேயே புயலைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. வந்த நாள் முதல் 'உனக்கு இந்த ஊர்ப் பழக்கம் தெரியாது' என்றே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"இங்கிட்டெல்லாம் புயல் என்ன செஞ்சிரும்? நமக்கு மலை இருக்குல்லா" என்றார் மாமியார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் புயல் என்றால் எதையும் உயரத்தில் விட்டுவைக்க மாட்டோம். காற்று முதலில் கூரையைத்தான் பிடுங்கும். எனவே பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள், துணிப்பெட்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் கீழே இறக்கவைத்தேன். குடங்களில் தண்ணீர் நிரப்பினேன். தீப்பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றினேன். ஓடுகள்மேல் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். எதிர்வீட்டுப் பெண் வந்து, "யக்கா, மாவு டப்பாவையும் எறக்கணுமா?" என்று கேட்டுப் போனாள். அன்றைக்கு நான் கலெக்டர்தான்!

பெரிய வேலை மாமனாரை இறக்கியது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவர் மச்சில் படுத்த படுக்கையாக இருந்தார். மச்சுக்கு ஓட்டுக்கூரை. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில். என் கணவரும் அவரோடு மில்லில் வேலை பார்க்கும் இருவரும் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். "என்னைய எதுக்குப்பா மூட்டை மாதிரி தூக்குதிய? சன்னலும் போச்சு, ரேடியோவும் போச்சு" என்று அவர் முனகிக்கொண்டே வந்தார். கூடத்தில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கவைத்தோம். என் கணவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

இரவெல்லாம் காற்றும் மழையும். விடியும்போது காற்று அடங்கிவிட்டது. இரண்டு ஓடுதான் பறந்திருந்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன், மேற்கே ஒரு சத்தம். பத்து லாரிகள் கல்லைக் கொட்டிக்கொண்டே வருவதுபோல. அந்தச் சத்தம் நெருங்கி வந்தது.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்திரம் கழுவும் அங்கணத்து ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று மேலே பொங்கியது. செம்மண் நிறம், ஐஸ் போலக் குளிர்ச்சி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலும் உடைத்துக்கொண்டு வந்தது. அரிசி மூட்டை நனைந்தது, துணிப்பெட்டி மிதந்தது. நான் பார்த்துப் பார்த்துத் தரையில் இறக்கிவைத்த அத்தனையும் போனது. அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. மாமனார் தரையில் கிடந்தார்.

கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டுக்கும் எனக்கும் நடுவில் ஓடை ஓடியது. ஆளைத் தூக்கிக்கொண்டு அதைக் கடக்க இரண்டு பெண்களால் ஆகாது. கூடத்தில் தேக்குப்பலகை ஊஞ்சல் தொங்கியது. அவர் வலியில் அலற அலற, அக்குளில் கைகொடுத்து எப்படியோ அதில் உட்காரவைத்துவிட்டோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. பலகையைத் தொட்டது.

"ஏங்கூடச் சேந்து நீங்களும் சாகாதீய. நீங்க ரெண்டு பேரும் எப்படியாச்சும் மேல ஏறிருங்க" என்றார் மாமனார்.

"பேசாம சங்கிலியப் புடிங்க" என்றார் மாமியார். அந்தக் குரலில் கோபம் மட்டும்தான் இருந்தது, கண்ணில் மட்டும் தண்ணீர்.

ஊஞ்சல் சங்கிலி முழ நீளக் கம்பிகளை வளையம் வளையமாகக் கோத்தது; கொக்கியை ஒரு வளையம் மேலே மாட்டினால் பலகை ஒரு முழம் உயரும். ஆனால் அவர் கனத்தோடு பலகையை எங்களால் அசைக்கவே முடியவில்லை. அப்போதுதான் எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் ஆள் கனக்க மாட்டான். கரையில் நாலு பேர் தூக்கும் ஆளை, இடுப்பளவு தண்ணீரில் ஒரு சிறுமி இழுத்துப் போவாள். நானே இழுத்திருக்கிறேன்.

"அத்தை, தண்ணி இன்னும் செத்த ஏறட்டும்" என்றேன்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார். எந்தத் தண்ணீர் எங்களைக் கொல்ல வந்ததோ, அது ஏறட்டும் என்று காத்து நின்ற அந்தச் சில நிமிடங்கள்போல் நான் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டதும், சங்கிலிகள் லேசாகத் தளர்ந்தன. மாமியார் பலகைக்கு அடியில் தோள் கொடுத்தார். நான் மூலைக்கு மூலை ஓடி, கொக்கிகளைக் கழற்றி ஒரு வளையம் மேலே மாட்டினேன். ஊஞ்சல் தண்ணீருக்கு மேலே எழுந்தது!

மறுபடி மாற்றத் தேவைப்படவில்லை. பலகைக்குக் கொஞ்சம் கீழே வெள்ளம் நின்றுவிட்டது. நடுங்கிக்கொண்டே ஆளுக்கொரு சங்கிலியைப் பிடித்து நின்றோம். மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சும்மாதானே நிக்கிய, செத்த ஆட்டி விடுங்களேன்" என்றார். சிரிப்பும் அழுகையும் எங்களுக்குச் சேர்ந்தே வந்தன.

முற்பகலில் வெள்ளம் வடிந்தது. வழியில் நெஞ்சளவு தண்ணீரைக் கடந்து நடந்துவந்த கணவர், அப்பாவை ஊஞ்சலில் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் கீழே இறக்கச் சொன்ன என்னைத் தெருவே திட்டும் என்று பயந்திருந்தேன். மாமியாரோ எதிர்வீட்டுப் பெண்ணிடம், "காத்துக்கு அவ சொன்னது சரிதான். தண்ணி வரும்னு நமக்குல்லா தெரிஞ்சிருக்கணும்" என்று முடித்துவிட்டார்.

பிறகு நானும் மாமியாரும் மச்சுக்கு ஏறினோம். மேகம் விலகியிருந்தது. தெற்கே ராஜபாளையத்திலிருந்து வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, கண்ணுக்கு எட்டிய மலை முழுவதும் வெள்ளை வெள்ளையாக அருவிகள். மடிப்புக்கு ஒன்று, பிளவுக்கு ஒன்று. "பொறந்ததுல இருந்து பாக்கேன், இப்படிப் பாத்ததில்லை" என்று மாமியார் கைகூப்பினார். நான் கைகூப்பக்கூட மறந்து நின்றேன். கிழக்கே கடலில் இருந்து கிளம்பிய தண்ணீர், வானத்தில் ஏறி, மலையில் மோதி, மேற்கிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் முன்னால் என் கயிறும் குடமும் எம்மாத்திரம்!

இன்றும் வானொலியில் புயல் என்று சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு மச்சுக்கு ஏறி மலையைப் பார்க்கிறேன். கும்பிடத் தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது, அந்த இரண்டையும் பிரிக்க எனக்கு இதுவரை தெரியவில்லை.