கதவைச் சாத்தாத காட்சி

சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். ஜார்ஜ்டவுனில் என் ஆபீசுக்குக் கீழே இது வாடிக்கைதான். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. காருக்குச் சொந்தக்காரர் வந்ததும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மனுஷர் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில், "அக்கா, நான் படம் எடுக்கிறவன். நீங்க நடிக்கிறீங்களா?" என்றார்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு மனைவி, அவளுடைய கணவன், அவர்களுடைய படுக்கையறை. இதுதான் கதை. நிபோங் திபால் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்த நாளிலிருந்து எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகும் நான் பெண்தான், ஆசை உள்ளவள்தான் என்பது யாருக்கும் தோன்றியதே இல்லை. அதைத் திரையில் காட்டிவிட வேண்டும் என்ற வெறியில் சரி என்றேன்.

கணவனாக நடித்தவன் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன், கோயில் நாடகங்களில் பேர் வாங்கியவன். தங்கமான பிள்ளை. அதுதான் தொல்லை. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் ஓர் உறவுமுறை வைத்துவிடுவோமே. அவன் என்னை அக்கா என்றான், நான் அவனைத் தம்பி என்றேன்.

நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி முத்தமிட வேண்டிய காட்சி. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவனைப் போலப் பயபக்தியோடு தூக்கினான். கிடத்தினான். முகத்தருகே குனிந்து, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, "வலிக்குதாக்கா?" என்றான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி எடுத்தும் அதே பால்குடம்தான். இயக்குநர் சலித்துப்போனார். "பரவால்லலா, கதவைச் சாத்துற மாதிரி காட்டி முடிச்சிடலாம். ஜனங்க புரிஞ்சிக்குவாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "கதவைச் சாத்துறதுக்கு நான் எதுக்குங்க? ஒரு கதவு போதுமே. சாப்பிட்டு வந்து இன்னொரு தடவ எடுப்போம். அப்பவும் வரலன்னா உங்க இஷ்டம்."

சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"வீட்டுக்காரிய எப்படிக் கூப்பிடுவே?"

"ஓய்னு கூப்பிடுவேன்க்கா."

"என்னையும் அப்படியே கூப்பிடு. நானும் இனிமே தம்பின்னு சொல்ல மாட்டேன்."

சொல்லும்போதுதான் புரிந்தது, அந்தத் தம்பிக்குப் பின்னால் நானும் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தேன். கூச்சம் எனக்கும் இருந்தது. முதலில் அவன் வாயில் அக்காதான் வந்தது. அவன் தட்டிலிருந்த பொரித்த மீனை எடுத்துத் தின்றேன். "ஓய், அது என் மீனு," என்றான். அப்பாடா என்றிருந்தது.

அடுத்து எடுத்தபோது, தூக்கும் நேரத்தில் என் கால் ஒன்று நழுவித் தொங்கியது. அவன் பதறவில்லை. முழங்காலால் முட்டுக்கொடுத்து, "ஓய், என்னா கனம் கனக்குறே," என்றான். வசனத்தில் இல்லாதது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவன் என் கழுத்தில் முத்தமிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது நடிப்பே இல்லை என்று அளக்க மாட்டேன். நடித்தேன், நன்றாகவே நடித்தேன். அவனும்தான். இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து நின்றார்.

படத்தை ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். அந்தக் காட்சி முழுசாக இருந்தது. நாங்கள் சிரித்த இடத்தில் கூட்டமும் சிரித்தது. விளக்கு எரிந்ததும் என் பெரியம்மா விறுவிறுவென்று வந்தார். விபத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தாலே தலையைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர். அன்றைக்கு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பொம்பளப் புள்ளைக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் வேணாமாடி?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படித் திட்டியதே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"திட்டுங்க பெரியம்மா," என்றேன். "இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டுங்க."