மேடு ஏறிய கார்

ஒரே ஊரில் தங்கிப் பழக்கமில்லாதவன் நான். இலங்கை மலையகத்துப் பதுளையில் பாதி பழுதுபார்த்த பழைய காரொன்றை விற்றுவிட்டுக் கிளம்ப அவசரப்பட்டேன். என்ஜினைப் புதுப்பித்திருந்தேன், சீட்டுகளில் சாக்குதான் விரித்திருந்தது. அந்த மலைப்பக்கம் கார் வாங்குகிறவர்கள் மேடு ஏறுமா என்றுதான் கேட்பார்கள். நானும் அதை மட்டுமே பார்த்துவைத்திருந்தேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி, கார் பார்க்க மனைவியோடு வந்தார். இருவரையும் ஏற்றி நானே ஓட்டிக் காட்டினேன்; மலைப்பாதையில் கார் திணறாமல் ஏறியது.

“ஏறுறது இருக்கட்டும், ஒழுங்கா எறங்குமா?” என்று பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்.

“எறங்குறதுக்கு என்ஜின் எதுக்கு? தானா எறங்கும், பேசாம வா!” என்று கங்காணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பி இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. ஒரு பக்கம் பெரும் பள்ளம். கியரைக் குறைத்து, மறுபக்கத்து மண்கரையில் காரை உரசவிட்டேன். நல்லவேளை, தேயிலைச் செடிகளில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

அந்த அம்மா கொண்டையில் சிக்கிய கொழுந்தை எடுத்து வீசிவிட்டு, “தானாவே எறங்கிருச்சு, போதுமா?” என்றார் கணவரிடம். இருவரும் நடந்தே போனார்கள்.

பிரேக்கைச் சரிசெய்யும்வரை பதுளையிலேயே கிடந்தேன். இப்போது யார் கார் பார்க்க வந்தாலும் முதலில் இறக்கத்தில் ஓட்டிப்போய், பாதியில் நிறுத்திக் காட்டுகிறேன். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.