நாற்பது பெண்கள் குடியிருந்த ஏலக்காய் ஸ்டோர்

அத்தையின் காப்பீட்டு அட்டையை முதலில் கையில் வாங்கியவன் நான்தான். குமுளியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் அடிக்கும் வேலை எனக்கு. அத்தை, அப்பாவின் அக்கா, விடியுமுன் தேனி மாவட்டத்துக் கூடலூரில் ஜீப் ஏறி, கேரளத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாய ஊருக்கு இறங்கிவிடுவாள். இருபது வருடமாக அப்படித்தான். அப்படிப்பட்டவளை கேரள அரசாங்கம் திடீரென்று 'விருந்தினர் தொழிலாளி' என்று அழைத்தது. பதிவு முகாமுக்கு வந்த அதிகாரி ஒவ்வொரு பெண் கையிலும் ரோஜாப்பூவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்ததும் பூவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இருந்ததே ஒரு பூதான்.

படிவத்தில் ஒரு கட்டம்: கேரளத்தில் தங்கியிருக்கும் முகவரி. "கூடலூருன்னு போடுப்பா" என்றாள் அத்தை. கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பகலெல்லாம் மழையில் நனைந்து காய் எடுத்தால் போதாதாம், விருந்தாளி என்றால் ராத்தங்கவும் வேண்டுமாம். திட்டம் எழுதிய மேதை இந்த மலைப்பாதையில் ஒருநாளாவது காலை ஜீப்பைப் பார்த்திருப்பானா? அதிகாரி கொட்டாவி விட்டபடி, "எஸ்டேட் ஸ்டோர் அட்ரஸைப் போடு. டார்கெட் முடியட்டும்" என்றார். போட்டேன். காய் உலர்த்தும் அந்தக் கட்டடத்தில், காகிதத்தின்படி, நாற்பது பெண்கள் குடியேறினார்கள். சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

அடுத்த மழையில் அத்தை சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம் என்று முகாமில் முழங்கியிருந்தார்கள். சரிபார்க்க ஸ்டோருக்குப் போன காப்பீட்டுக்காரர்கள், இங்கே யாரும் குடியில்லை என்று கண்டுபிடித்து, பொய் முகவரி என அட்டையை ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டுக் காப்பீட்டிலாவது முடியுமா என்று தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "கேரளாவுல குடியிருக்கிறதாப் பதிவு இருக்கே, அங்கன போய்க் கேளுங்க" என்றார் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஒரு அரசாங்கத்துக்கு அவள் ஓட்டு வேண்டும், இன்னொன்றுக்கு உழைப்பு வேண்டும், அவள் இடுப்பு மட்டும் இரண்டுக்கும் வேண்டாம். இவர்கள் பதில் சொல்லும்வரை எலும்பு காத்திருக்கவில்லை. கோணலாகவே கூடிவிட்டது.

பிறகு அதே அதிகாரி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். 'தவறான முகவரியை நானே கொடுத்தேன்' என்று அதில் இருந்தது. அத்தை கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இல்லையென்றால் அடித்தவன்மேல் விசாரணை. "உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்" என்று தோளைத் தட்டினார். இவ்வளவு அற்பமான மனிதனைப் பார்த்ததில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவன் நான். இன்றும் அதே சென்டரில்தான் இருக்கிறேன். அந்தக் கட்டம் இன்றும் கூடலூரை ஏற்பதில்லை.

அத்தை கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். படித்துக் காட்டினேன்.

"ஏலே, அந்த ஆபீசர் சொன்னாக, நீ அடிச்ச. இதுல நான் எப்பக் குடுத்தேன்?"

தாளை மறுபடி மடித்தேன். மடிக்கும் கையைப் பார்த்தாள்.

"போடலைன்னா ஒன் வேலை போயிருமா?"

தலையாட்டினேன்.

"பேனாவக் குடு" என்றாள்.